பெங்களூரு திட்டமிடப்பட்டது எப்போது? பொம்மனஹள்ளி விடுபட்டது எப்படி?

பெங்களூரு: ஒசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தால், செக்டார்களாக அளந்து பிரிக்கப்பட்ட எச்.எஸ்.ஆர். லேஅவுட் முதலில் வருகிறது. சற்றுத் தள்ளி பொம்மனஹள்ளி. அங்கே பல சந்துகளில் தண்ணீர் லாரி நுழைவதே அரிது. அடுத்தடுத்த இரு பகுதிகளுக்கு இத்தனை வேறுபாடு ஏன்?

1537-இல் கெம்பே கௌடா மண்கோட்டை எழுப்பியபோது, தொழில்வாரியாகப் பேட்டைகள் அமைந்தன. தரகுபேட்டையில் தானியமும் பளேபேட்டையில் வளையலும் விற்றன. 1809-இல் ஆங்கிலேயர் தண்டு (கண்டோன்மென்ட்) அமைத்தனர். சென்னைப் படையுடன் தமிழர்களும் பெருமளவில் வந்து குடியேறினர்.

நவீனத் திட்டமிடலுக்கு வித்திட்டது நோய்தான். 1898-இல் பிளேக் நெருக்கமான பேட்டைகளில் பரவியது. ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் விரிவாக்கங்கள் அதன்பின் வேகம் பெற்றன. நேர்ச்சாலைகள், காற்றோட்டமான மனைகள், பூங்காக்கள், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கெனத் தனிச் சந்துகள் என அவை உருவாயின. (மனிதக் கழிவை மனிதரே சுமந்த காலத்தின் அடையாளம் அச்சந்துகள் என்பதையும் மறப்பதற்கில்லை.) அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கும் இத்தகைய கதை உண்டு. லண்டனின் கொள்ளைநோயையும் 1666-இன் பெருந்தீயையும் அறிந்த வில்லியம் பென், 1682-இல் அந்நகரை அகன்ற கட்டத் தெருக்களாக அமைக்க முனைந்தார்.

பெங்களூருவில் 1945-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியமும், 1976-இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையமும் (பி.டி.ஏ.) தோன்றின. எச்.எஸ்.ஆர். லேஅவுட் பி.டி.ஏ. உருவாக்கியது. பொம்மனஹள்ளியோ நகர எல்லைக்கு வெளியே இருந்த கிராமம். எலக்ட்ரானிக் சிட்டியும் ஆடைத் தொழிற்சாலைகளும் வேலை தேடி வந்தோரை ஈர்த்தபோது, விளைநிலங்கள் உரிய அனுமதியின்றி மனைகளாகத் துண்டாடப்பட்டன. கையில் இருந்த தொகைக்குக் கிடைத்ததை மக்கள் வாங்கினர்; அவர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று.

2007-இல் பொம்மனஹள்ளி நகரசபை, மேலும் 6 நகரசபைகள், கெங்கேரி பேரூராட்சி, 110 கிராமங்கள் ஆகியவற்றுடன் மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. எல்லை விரிந்ததே தவிர, தெரு விரியவில்லை. முறைப்படி அனுமதி பெறாத மனைகள் 'பி கட்டா' என்னும் தனிப் பதிவேட்டில் சேர்ந்தன. அவற்றுக்கு வரி வசூலிக்கப்பட்டாலும், கட்டட வரைபட ஒப்புதலும் வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மனஹள்ளியை எட்டியது. அடுத்த மாதமே மாநகராட்சி 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. திட்டமிடும் பொறுப்பு கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்குச் சென்றுள்ளது. பசவனகுடியில் வெற்று நிலத்தில் கோடு கிழித்தனர். இங்கே வடிகாலுக்கு இடம் தேடினால், யாரேனும் ஒருவரது வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.