முடியை அளக்கும் ஒளி

தலைமுடியின் தடிமனை வீட்டில் அளக்க முடியுமா, திருகு அளவியில் வைத்தால் நசுங்கிவிடுகிறதே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாராளமாக அளக்கலாம். சிறிய சிவப்பு லேசர் விளக்கு ஒன்று போதும்.

முடியை அட்டைச் சட்டத்தில் விறைப்பாக ஒட்டி, லேசரை அதன்மேல் பாய்ச்சி, இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரைப் பாருங்கள். நடுப்புள்ளிக்கு இருபுறமும் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி நீளும். பாடத்தில் படித்த விளிம்பு விளைவுதான். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அடுத்தடுத்த இருட்டுக் கோடுகளின் இடைவெளியால் வகுத்தால் தடிமன் வந்துவிடும். 650 நானோமீட்டர் ஒளியில் இடைவெளி 18 மில்லிமீட்டர் என்றால், முடி சுமார் 0.072 மில்லிமீட்டர்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது ஒன்று: பொருள் மெலிய மெலிய, கோடுகள் அகன்றுகொண்டே போகின்றன. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயை விரலால் அழுத்த அழுத்த நீர் அகலமாக விசிறுவதுபோல. மற்ற அளவுகோல்கள் திணறும் மெல்லிய இழைதான் இந்த முறைக்கு வசதியானது. அதே அகலமுள்ள ஒரு கீறலில் ஒளியை விட்டாலும், நடுப்புள்ளியைத் தவிர, இதே கோடுகள்தான் விழும்.

லண்டன் மருத்துவர் தாமஸ் யங் லேசர் இல்லாமலே இதைச் செய்தார். 1813 வாக்கில் அவர் அமைத்த கருவியில் ஒரு தகடு. நடுவில் துளை, சுற்றிலும் வட்டமாகச் சிறு துளைகள், பின்னால் விளக்கு. கம்பளி இழைகளின் ஊடாகப் பார்த்தால் நடுத்துளையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். வளையம் துளை வட்டத்தோடு பொருந்தும்வரை இழைகளை நகர்த்தி, அந்தத் தூரத்திலிருந்து தடிமனைக் கணக்கிட்டார். ரத்த அணுக்களையும் இப்படியே அளந்தார். சிவப்பணுக்கள் நெகிழ்கின்றனவா என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் இன்று லேசர் விளிம்பு விளைவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு அருமையான ஒன்றைத் தேர்வுக்கான சூத்திரமாக மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் கையில் லேசர் இருக்கிறது. அதை அடுத்தவர் முகத்தில் அடித்து விளையாடுகிறார்கள். விழித்திரை ஒருமுறை கருகினால் மீளாது. ஆசிரியர்களே, ஒரு மாலை வகுப்பறைச் சன்னல்களைச் சாத்துங்கள். லேசரை மேசையில் அசையாமல் பொருத்தி, கண்மட்டத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் முடியைத் தானே அளக்க விடுங்கள்.