குடும்பத்தார் இருப்பிடம் காட்டும் செயலி: தேர்ந்தெடுக்கும் முன் எடை போடுவோம்

வசூலுக்குப் போனவர் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது வணிகக் குடும்பங்களில் வழிவழியாக உள்ள கவலையாகும். விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் மகன், வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், கோயிலுக்கென்று தனியே நடந்து போகும் வயதான தந்தையார், இரவில் ரொக்கத்துடன் இரு சக்கர வாகனத்தில் வரும் தம்பி என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக் கவலைப்பட நாலு பேர் உண்டு. இன்று அந்த நாலு பேர் கையிலும் கைபேசி இருக்கிறது. அவர்கள் இருக்குமிடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் செயலிகளும் ஏராளமாக வந்துவிட்டன. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினால்கூடக் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. ஆனால் செயலி என்று வந்துவிட்டால், இலவசம் என்றதும் கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். ஒருவர் எப்போது எங்கே இருக்கிறார் என்ற விவரம் ரொக்கத்துக்குச் சமமானது. கல்லாச் சாவியை யாரிடம், எத்தனை நேரம் கொடுக்கலாம் என்று யோசிப்பது போலவே இதற்கும் யோசிக்க வேண்டும்.

இலவசத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்?

இவ்வகைச் செயலிகளில் உலகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'லைஃப்360'. குடும்பத்தார் இருப்பிடம் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட நிறுவனம் அது. அந்தச் செயலி மூலம் திரட்டிய குடும்பங்களின் இருப்பிட விவரங்கள், பிள்ளைகளுடையது உட்பட, சுமார் ஒரு டஜன் தரவுத் தரகர்களுக்கு விற்கப்பட்டன என்று 'தி மார்க்அப்' என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2021 டிசம்பரில் விரிவாக எழுதியது. அடுத்த மாதமே, துல்லியமான இருப்பிட விவரம் விற்பதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வதாக லைஃப்360 அறிவித்தது. 2025 ஜனவரியில் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல், 'ஆல்ஸ்டேட்' காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் அதன் துணை நிறுவனமான 'ஆரிட்டி' மீதும் வழக்குத் தொடுத்தார். லைஃப்360 போன்ற செயலிகளுக்குள் வைக்கப்பட்ட மென்பொருள் வழியாக, மக்கள் வண்டி ஓட்டும் விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் திரட்டியதாக அதில் குற்றம் சாட்டப்பட்டது.

இது அமெரிக்கக் கதைதானே என்று விட்டுவிடலாகாது. நம் தொழிலை வைத்துப் பாருங்கள். எந்த மண்டியில் கொள்முதல் செய்கிறோம், எந்தக் கிழமை எந்த லைனில் வசூல், எத்தனை மணிக்கு வங்கிக்குப் பணம் போகிறது, வீட்டில் எப்போது ஆள் இருப்பதில்லை என்ற அனைத்தும் ஒரு மாத இருப்பிட விவரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூடப் பிறந்தவரிடமே சொல்லத் தயங்கும் தொழில் விவரத்தை முகம் தெரியாதவரிடம் கொடுக்கலாமா? எனவே பயன்படுத்துவோரிடம் பணம் வாங்காத நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையைக் கட்டிவிடும் செயலிகளும் உண்டு

கூகுள் நிறுவனமே 2009-இல் 'லாட்டிட்யூட்' என்ற இருப்பிடச் சேவையைத் தொடங்கி 2013-இல் மூடிவிட்டது. பிரான்ஸ் நாட்டு இளைஞர்கள் உருவாக்கிய 'சென்லி' என்ற செயலியை ஸ்நாப் நிறுவனம் 2017-இல் விலைக்கு வாங்கியது. இளைஞர்களிடையே நல்ல பேர் இருந்தும் 2023 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. எனவே ஒரே செயலியை நம்பி வீட்டுப் பாதுகாப்பு முழுவதையும் அதில் ஏற்றிவிடக் கூடாது. முக்கியமான தொலைபேசி எண்கள் வீட்டுச் சுவரிலும், ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் எழுதி இருக்கட்டும்.

கையில் உள்ளதே பெரும்பாலும் போதும்

புதிதாக எதையும் இறக்கிக்கொள்ளும் முன், கைபேசியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம்.

முதலாவது வாட்ஸ்அப். நடந்துகொண்டேயிருக்கும் இருப்பிடத்தை அனுப்பும் வசதி இதில் 2017 அக்டோபரில் வந்தது. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். இடையிலேயே நாமும் நிறுத்தலாம். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுச் செல்கிறது. தவணை முடிந்ததும் கணக்கு தீர்ந்துவிடும் நாள்கடன் போன்ற ஏற்பாடு இது.

இரண்டாவது கூகுள் மேப்ஸ். இருப்பிடம் பகிரும் வசதி இதிலும் 2017-இல் வந்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு என்றும் கொடுக்கலாம். நாமே நிறுத்தும் வரை என்றும் கொடுக்கலாம். எதிரில் உள்ளவர் கைபேசியில் எவ்வளவு சார்ஜ் மீதி உள்ளது என்பதும் தெரியும். குறித்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததையோ அங்கிருந்து கிளம்பியதையோ தெரிவிக்கும் வசதி 2022-இல் சேர்க்கப்பட்டது. அப்படி நாம் ஏற்பாடு செய்தால் அவருக்கும் தகவல் போய்விடும் என்பது நல்ல அம்சம். ஆனால் நம் விவரம் கூகுள் கணக்கில் சேருகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆப்பிள் கைபேசியில் உள்ள 'ஃபைண்ட் மை'. ஒரு மணி நேரம், அன்றைய பொழுது முடியும் வரை, அல்லது காலவரையின்றி என்று கொடுக்கலாம். வீட்டில் எல்லோரும் ஆப்பிள் வைத்திருந்தால் இது வசதியானது. ஒருவர் ஆப்பிளும் மற்றவர் ஆண்ட்ராய்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு முன்சொன்ன இரண்டில் ஒன்றுதான் சரிப்படும்.

யாருக்கு எது?

இரவு வசூலுக்குப் போகிறவருக்கு வாட்ஸ்அப்பில் 8 மணி நேரம் போதும். கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் நல்லது. கடைச் சிப்பந்திகள், கம்பெனி விற்பனையாளர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டால், ரொக்கத்துடன் வருபவர் எந்தத் தெருவில் வருகிறார் என்பதைத் தண்டோரா போட்டது போலாகும்.

ஞாபக மறதியுள்ள பெரியவர்களுக்கு, நிறுத்தும் வரை தெரியும்படி கூகுள் மேப்ஸில் ஏற்பாடு செய்துவைக்கலாம். பகல் முழுதும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் தகவல் வரும்படி செய்தால் போதும். அவர் வைத்திருப்பது பட்டன் கைபேசி என்றால் செயலியால் பயனில்லை. பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டையைப் பையில் வைப்பதே சிறந்தது.

கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு, இரவுப் பயணத்தின்போது மட்டும் அனுப்பு என்று பேசி முடிவு செய்வது நல்லது. நாள் முழுதும் கண்காணித்தால் என்ன ஆகும் தெரியுமா? கைபேசியை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு வெளியே போவார்கள். புள்ளி அறையில் இருக்கும். பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு உண்மை சொல்லும் பழக்கம் போய்விட்டால், எந்தச் செயலியாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

கைபேசி தன் இடத்தைச் செயற்கைக்கோள் சமிக்ஞை, அருகிலுள்ள கைபேசிக் கோபுரங்கள், வைஃபை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறது. வானம் திறந்த சாலையில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். நெருக்கமான கடைத்தெருக்களிலும், கான்கிரீட் கிடங்குகளிலும் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். சார்ஜ் தீர்ந்தாலோ, நெட் இல்லாவிட்டாலோ கடைசியாகத் தெரிந்த இடமே காட்டப்படும். 'அரை மணி நேரத்துக்கு முன்' என்பது போன்ற குறிப்பு அருகில் இருந்தால் அதுதான் பொருள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பல, பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி வைக்க வேண்டும். புள்ளி அசையவில்லை என்றவுடன் விபத்தோ என்று பதறாமல், முதலில் ஒரு போன் போட்டுப் பார்ப்போம்.

சம்மதம் இல்லாமல் வேண்டாம்

ஜாமீனில் வந்தவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் மேப்ஸில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட நிபந்தனையை, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடமாட்டத்தை இடைவிடாது கண்காணிப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதமானது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மதிப்பு உண்டென்றால் நம் மனைவி மக்களுக்கும், கடைப் பையனுக்கும் இல்லாமல் போகுமா? டெலிவரிக்குப் போகும் பையனிடம் வேலை நேரத்தில் இருப்பிடம் கேட்பது நியாயம். ஆனால் சொல்லிக் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் அதை நிறுத்திவிட உரிமையுள்ளவர்.

'அவருக்குத் தெரியாமல் கண்காணிக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பக்கமே போகக் கூடாது. ஒளிந்திருந்து பார்க்கும் செயலி, அதைப் போட்டவரின் கைபேசியையும் பார்க்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலியை எக்காரணம் கொண்டும் நிறுவ வேண்டாம். இன்று நம் கைபேசியிலேயே வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் இருக்கின்றன. அவ்வாறு பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?
2. நேர வரம்பு வைக்க முடியுமா?
3. பகிர்கிறவர் தாமே எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடியுமா?
4. தம்மை யார் யார் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா?
5. கேமரா, மைக், தொடர்பு எண்கள் என்று வேலைக்குச் சம்பந்தமில்லாத அனுமதிகளைக் கேட்கிறதா?
6. வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளிலும் ஓடுமா?

இந்த ஆறுக்கும் திருப்தியான விடை கிடைக்காத செயலி, எத்தனை வசதி காட்டினாலும் நமக்கு வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்திருக்கும்போது, கைபேசியில் இருப்பிட அனுமதி எந்தெந்தச் செயலிக்குத் தரப்பட்டுள்ளது என்று அமைப்புகள் பகுதியில் பார்த்துவிடுங்கள். டார்ச் விளக்குக்கும் விளையாட்டுக்கும் அந்த அனுமதி எதற்கு? வேண்டாததை நீக்கிவிடுங்கள். பிறகு யார், யாருக்கு, எந்த நேரத்தில் இருப்பிடம் அனுப்புவது என்று பேசி முடிவு செய்து, ஒரு தடவை அனுப்பியும் பழகிக்கொள்ளுங்கள். பழகாத வசதி அவசரத்தில் கைகொடுக்காது. இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அரை மணி நேரம் போதும்.