மார்பிலும் ஒரு தாய்க்கிழங்கு!

சிறுமுகை, மேட்டுப்பாளையம் பக்கம் வாழை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கன்று எடுக்கறப்ப தாய்க்கிழங்கைப் பாருங்க" என்பார்கள். கிழங்கில் முடிக்கொத்து நோய் இருந்தால், அதில் கிளம்பும் கன்றுகளிலும் இருக்கும்.

உங்கள் மார்பகத்திலும் இப்படியொரு கிழங்கு உண்டு. பெயர், ஸ்டெம் செல். வயதுக்கு வரும்போது மார்பு வளர்வது, கர்ப்பத்தில் பால் சுரப்பிகள் பெருகுவது, பால் மறந்ததும் சுருங்கி, அடுத்த குழந்தைக்கு மறுபடி தளிர்ப்பது... எல்லாம் இதன் உபயம்தான். 2006-ல் மெல்போர்ன் விஞ்ஞானிகள் ஜேன் விஸ்வேடர், ஜெஃப் லிண்டமன் குழுவினர், ஒரேயொரு ஸ்டெம் செல்லை வைத்தே எலியிடம் முழுப் பால்சுரப்பியை வளர்த்துக் காட்டினார்கள்!

சாதாரண செல் சீக்கிரம் உதிர்ந்துவிடும். இதற்கு ஆயுசு கெட்டி. அதனாலேயே பழுதுகள் சேரவும் வாய்ப்பு அதிகம். ஹிரோஷிமாவில் கதிர்வீச்சுக்கு ஆளான சிறுமிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்ததற்கு இதுவும் காரணமாகலாம் என்கிறார்கள்.

பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணு கோளாறானால் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. இதில் கெடுவது ஸ்டெம் செல்தான் என்று முதலில் நினைத்தார்கள். 2009-ல் அதே மெல்போர்ன் குழு ஆராய்ந்தபோது, சந்தேகம் கிழங்கை விட்டு அதன் கன்றின் மேல், அதாவது ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் அடுத்த தலைமுறை செல் மேல் விழுந்தது.

கட்டி தட்டுப்பட்டால், "வலியே இல்லீங்களே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இன்னொன்று, அந்த மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டால் அம்மாயி, சித்தியோடு நிறுத்தாமல் அப்பத்தா, அத்தைமார்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.