மேடையேற மனம் வராதபோது

தை பிறந்துவிட்டால் பள்ளி ஆண்டு விழாக்கள். மாசி, பங்குனியில் ஊர்த் திருவிழாக்கள். அப்புறம் கோடை விடுமுறை, காதணி விழா, கல்யாண வரவேற்பு, பிறந்தநாள். திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் மேஜிக் காட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஓட்டம் எல்லாம் இந்த மாதங்களில்தான். காலையில் பள்ளிக்கூட மைதானத்து வெயில், சாயங்காலம் ஏ.சி. மண்டபம், நடுவில் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பயணம். ஆடி பிறந்து முகூர்த்தம் நின்றதும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. சிலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது, பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை என்பது.

சின்ன வயதில் சோறு தண்ணி மறந்து பழகிய சீட்டுக்கட்டைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. "ஒரு புரோகிராம் இருக்கு" என்று போன் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் சோம்பல் என்கிறார்கள். சிலர் கண்ணேறு பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடை என்கிறார்கள். அந்தக் கலைஞரோ, 'எனக்குத் தொழில் போய்விட்டது' என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். தொழில் எங்கும் போகவில்லை. உடம்பும் மனமும் தீர்ந்துபோயிருக்கின்றன. இது உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயம், சரிசெய்யக்கூடிய விஷயம்.

பணிச்சோர்வு எப்படித் தெரியும்?

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைக் கவனித்து எழுதினார். பணத்துக்காக வந்தவர்கள் அல்லர், மனதார ஆசைப்பட்டு வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே கொஞ்ச காலத்தில் களைத்து, எரிந்து விழுந்து, நோயாளிகளின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காத நிலைக்குப் போனார்கள். பணிச்சோர்வை ஆங்கிலத்தில் பர்ன்-அவுட் என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து பரவியதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் இதைத் தெளிவாக வரையறுத்தது. தனி நோயாக அல்ல, வேலையிடத்தின் ஓயாத அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலையாக.

அந்த வரையறையில் மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, வேலையின் மேல் வரும் கசப்பு. மேஜிக் காட்டுபவருக்கு இது பார்வையாளர் மேலான கசப்பாக வரும். "இவங்களுக்கு இது போதும்" என்று பாதி வித்தையை வெட்டிவிட்டு இறங்குவது, முன்வரிசையில் துருவிக் கேட்கும் சிறுவனிடம் சுள்ளென்று விழுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். மூன்றாவது, 'என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். ஆயிரம் முறை போட்ட கயிற்று முடிச்சில் திடீரென்று சந்தேகம் வரும். கை தவறவில்லை என்றாலும் தவறிவிடுமோ என்ற பயம் கூடவே நிற்கும்.

மூன்றில் களைப்பு மட்டும் இருந்தால் நாலு நாள் நல்ல தூக்கம் போதும். கசப்பும் சேர்ந்துவிட்டால் தூக்கம் மட்டும் போதாது.

வியப்பு எட்டாத ஒருவர்

எல்லா மேடைக் கலைஞர்களுக்கும் சோர்வு வரும். மேஜிக்குக்கு மட்டும் உரிய சில காரணங்களும் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

பாடகர் தன் பாட்டைத் தானும் கேட்டு மகிழ்கிறார். ராகம் அவரையும் இழுத்துக்கொண்டு போகும். மேஜிக் கலைஞருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெறும் கையிலிருந்து புறா பறக்கும்போது மண்டபமே வாயைப் பிளக்கிறது. புறா எங்கே இருந்தது என்று தெரிந்த ஒருவர் மட்டும் அடுத்த அசைவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வியப்புதான் இந்தக் கலைக்குக் கிடைக்கும் கூலி, அதுவோ செய்கிறவர் கைக்கு வருவதில்லை. தொடக்கத்தில் மற்றவர் முகத்தைப் பார்த்து அந்த வியப்பைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஒரே வித்தையை வருஷக்கணக்கில் செய்யும்போது அதுவும் வற்றிப்போகிறது.

அடுத்தது ரகசியம். ஒரு கணக்கு வாத்தியார் பக்கத்து வகுப்பு வாத்தியாரிடம் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ளலாம். மேஜிக் காட்டுபவர் தன் தொழிலின் கஷ்டத்தை விளக்க வேண்டுமானால் சூட்சுமத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் வாயைத் திறப்பதில்லை. சின்ன ஊர்களில் பேசிப் பகிர இன்னொரு மேஜிக் கலைஞரும் அருகில் இருக்க மாட்டார். இருந்தாலும் போட்டியாளராக இருப்பார். தனிமை சோர்வைப் பல மடங்கு ஆக்கும்.

மூன்றாவது, சிரிப்பு. வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் குழந்தைகள் முன்னால் குதூகலமாக நிற்க வேண்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக முகத்தை வைத்துக்கொள்வது உழைப்புதான் என்று 1983இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார். மூட்டை தூக்குகிறவரின் முதுகு வலிப்பது எல்லோருக்கும் புரிகிறது. சிரிப்பைத் தூக்கிச் சுமக்கிறவரின் வலியைக் கேட்பார் இல்லை.

பணமும் ஒரு காரணம். பணம் குறைவது மட்டுமல்ல, பணம் வருவதும்கூட. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவர் சகாக்களும் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் தானாகவே ஆசை கொண்ட குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு கிடைத்த பிறகு அந்தக் குழந்தைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது குறைந்துபோயிற்று. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆசைக்காகச் செய்த ஒன்று கூலிக்கான வேலையாக மனதில் மாறிவிட்டால் ஆசை பின்வாங்கும் என்பது தெரிந்தது. பிழைப்புக்குக் கூலி வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கலை முழுவதும் கூலிக்கென்றே ஆகிவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது.

மேடை கண்ட இருவர்

திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த புல்லாங்குழல் மேதை டி. ஆர். மகாலிங்கம், ரசிகர்களுக்கு மாலி, ஏழு வயதில் மயிலாப்பூரில் தியாகராஜ ஆராதனை மேடையில் வாசித்து எல்லோரையும் மலைக்க வைத்தார். அதன்பின் அவர் குழந்தையாக இருக்க நேரமில்லை, கச்சேரிகள் வந்துகொண்டே இருந்தன. வளர்ந்தபின் கச்சேரிக்கு வராமல் போவது, நடுவில் எழுந்து போவது, ஆண்டுக்கணக்கில் மேடையை விட்டே விலகியிருப்பது என்று அவர் வாழ்க்கை நடந்தது. உலகம் அதை மேதையின் கிறுக்கு என்றும் திமிர் என்றும் பேசிச் சிரித்தது. 1986இல் மறைந்துவிட்ட ஒருவருக்கு இன்று உட்கார்ந்து நோய்ப் பெயர் சூட்டுவது நியாயமில்லை. ஆனால் ஒரு கலைஞர் மேடையை விட்டு விலகி விலகிப் போகும்போது, "ஏன் வரல?" என்று கோபப்படுவதற்கு முன் "என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கும் நாம் அதைக் கேட்பதில்லை.

இன்னொருவர் மேஜிக் உலகைச் சேர்ந்த பி. சி. சர்க்கார். வங்கத்தைச் சேர்ந்தவர், இந்திய மேஜிக்கை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர். 1971 ஜனவரி 6 அன்று, ஜப்பானின் ஹொக்கைடோவில் நிகழ்ச்சிப் பயணத்தில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். வயது 57. 'மேடையிலேயே உயிர் போக வேண்டும்' என்று பெருமையாகச் சொல்லும் கலைஞர்கள் நம்மிடையே நிறைய. கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வரும்.

முதலில் டாக்டர்

எல்லாச் சோர்வும் பணிச்சோர்வு அல்ல. ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய எல்லாமே ஆளை அடித்துப் போட்டதுபோல் ஆக்கும். அதனால் முதல் வேலை ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பது. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை அளவு பார்க்கும் பரிசோதனைகள் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனச்சோர்வு நோய் வேறு. பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே நிற்கும். பெட்டியைப் பார்த்தால் கசக்கும், ஆனால் பேரக்குழந்தையைப் பார்த்தால் மனம் மலரும். பிடித்த சாப்பாடு, பிடித்த ஆட்கள், கோயில், சினிமா எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ருசியே இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலேயே. 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இரவு நிகழ்ச்சி முடிந்து படபடப்பு அடங்காமல், "கொஞ்சம் போட்டால் தூக்கம் வரும்" என்று குடிக்கும் பழக்கம் மேடைக் கலைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. மது கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவின் தூக்கத்தைக் கெடுக்கும். விடிந்தால் களைப்பு கூடியிருக்கும், அன்று இரவு அளவும் கூடும். பக்கத்துக் கடையில் சொல்லித் தூக்கமாத்திரை வாங்குவதும் அதே ஆபத்துதான்.

ஓய்வு எடுப்பதற்கும் வழி உண்டு

ஜெர்மன் ஆய்வாளர்கள் சபீனே சொன்னென்டாக்கும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007இல், வேலைக்குப் பிறகு மனிதர் எப்படித் தேறுகிறார் என்பதை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள். வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பது, தளர்ந்து இருப்பது, வேறொன்றைக் கற்றுத் தேறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. படுத்துக்கொண்டு மற்ற மேஜிக் கலைஞர்களின் வீடியோவை நள்ளிரவு வரை பார்ப்பது இந்த நான்கில் எதிலும் சேராது. உடம்பு படுத்திருக்கும், மனம் ஒப்பிட்டுக்கொண்டே வேலை செய்யும்.

பெட்டியைப் பூட்டிப் பரண்மேல் வைத்துவிடுங்கள். குறைந்தது சில வாரங்களாவது, முடிந்தால் ஆடி மாதம் முழுவதும். விடியற்காலையில் திருவாரூர்க் கமலாலயக் குளக்கரையைச் சுற்றி நடக்கலாம். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீச்சலோ, தோட்டமோ, சமையலோ, யாரும் கைதட்டாத ஏதாவது ஒன்றைப் புதிதாகப் பழகுங்கள். அந்த மாத வருமானம் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. பங்குனி வருமானத்திலிருந்தே ஆடிக்கென்று ஒதுக்கி வைத்தால்தான் இது சாத்தியம். ஓய்வுக்குப் பணம் ஒதுக்குவதும் மருத்துவச் செலவுதான்.

நாகஸ்வரக்காரர்களின் முறை

ஆர்வம் எங்கிருந்து திரும்பும் என்று கேட்டால், திருவாரூரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. தியாகராஜர் கோயில் மங்கல இசைக்குப் பேர்போனது. பாரி நாயனம், பஞ்சமுக வாத்தியம் என்று சிறப்பான வாத்தியங்கள் இங்கே உண்டு. பெரிய மேளக்காரர்களுக்கு இரண்டு விதமான வாசிப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் போய் வாசிப்பது வருமானம். கோயிலில் தங்கள் முறை வரும்போது வாசிப்பது வேறு. சுவாமி புறப்பாட்டின்போது, ராத்திரி வேளையில், நாலு பேர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரே ராகத்தை வெகுநேரம் விஸ்தாரம் செய்வார்கள். நேயர் விருப்பம் கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. கல்யாண வாசிப்பில் தேய்ந்தது அங்கே மீண்டும் துளிர்த்தது.

மேஜிக் கலைஞருக்கு அப்படி ஒரு முறை இல்லை. அதை அவரே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வாரத்தில் ஒரு மணி நேரம், விற்பனைக்கு இல்லாத வித்தை. மேடையில் ஒருபோதும் காட்டப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டே ஒன்றைப் பழகலாம். நம் தெருவித்தைக்காரர்கள் கிண்ணத்தையும் பந்தையும் வைத்துக் காட்டிய செப்பிடு வித்தையை முதலிலிருந்து கற்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பத்து விரல்கள் போதும். கை மறந்துபோன சந்தோஷம் புதிய வித்தையில் தடுமாறும்போதுதான் திரும்ப வருகிறது. சூட்சுமம் தெரியாத வித்தையை நேரில் போய்ப் பார்வையாளராக உட்கார்ந்து பார்ப்பதும் நல்லது. வியப்பை மறுபடி ருசிக்க அதுதான் குறுக்கு வழி. பார்த்ததும் எப்படிச் செய்தார் என்று ஆராயாமல், ஒரு ராத்திரியாவது அப்படியே விட்டுவிட வேண்டும்.

யாருக்காகச் செய்கிறோம் என்பது மாறினாலும் ஆர்வம் திரும்பும். போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த், சாமியார்கள் காட்டும் 'அற்புதங்களை' மேடையில் தானே செய்து, அதன் காரணத்தையும் அங்கேயே விளக்கினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராக நடத்தும் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகளும் அந்த வழிதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஒரு கிராமத்துச் சிறுமியின் முகம், ஏமாந்து கைதட்டும் முகத்தைவிட வேறு வகையான கூலி. ரகசியத்தின் தனிமையும் அங்கே குறைகிறது. கேரளத்தின் கோபிநாத் முதுகாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்துவிட்டு, 2021இல் தொழில்முறை நிகழ்ச்சிகளை நிறுத்துவதாக அறிவித்து, திருவனந்தபுரத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கலை கற்பிக்கும் மையத்துக்குத் தன் நேரத்தைக் கொடுத்தார். எல்லோராலும் அப்படி விட்டுவிட முடியாது, விடவும் வேண்டாம். மாதம் ஒரு முறை ஓர் அரசுப் பள்ளியின் சின்ன வகுப்பறையில் பெட்டியில்லாமல், மைக் இல்லாமல், ஐந்து வித்தை காட்டிவிட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம்.

மறுபடி புக்கிங் எடுக்கும்போது

முதல் சில நிகழ்ச்சிகள் சிறியவையாக இருக்கட்டும். பழைய பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், அதில் மனம் கசந்த இரண்டு வித்தைகளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, இரண்டாவது அழைப்பைப் பக்கத்து ஊர்க் கலைஞருக்குத் தள்ளிவிடுங்கள். போட்டியாளர் நண்பராவதும் இப்படித்தான் தொடங்கும். நிகழ்ச்சி நேரம், தொகை, சாப்பாடு, திரும்பிவர வண்டி எல்லாவற்றையும் அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிட்டால் பாதி எரிச்சல் அங்கேயே தீரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எப்ப ஆரம்பிக்கப்போற?" என்று தினமும் கேட்காதீர்கள். உறவினர் வந்தால் "ஒரு மேஜிக் காட்டேன்" என்று சபையில் நிறுத்தாதீர்கள். வேலை சரியாக வருகிறதா என்று கேட்பதைவிட, நேற்றுத் தூக்கம் வந்ததா என்று கேளுங்கள். இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகும் கசப்பு கொஞ்சமும் குறையவில்லை என்றால், கையோடு கூட்டிக்கொண்டு போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாகப் போகச் சொன்னால் பெரும்பாலும் போக மாட்டார்.