கம்பெனி மெயில் யார் கையில் இருக்கிறது?

பெங்களூரு தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் பக்கமிருந்து இன்னர் ரிங் ரோடு வரை நடந்தால், வீட்டு மாடிகளில் சின்னச் சின்னக் கம்பெனிகளின் பலகைகள் தெரியும். ஆடிட்டர் அலுவலகம், இன்டீரியர் வேலை எடுப்பவர்கள், ஆறேழு பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் இடம், ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி. இப்படித் தொழில் தொடங்குகிறவர்களில் பலர் மெயிலைப் பற்றித் தனியாக யோசிப்பதில்லை. வெப்சைட் போட்டுக் கொடுப்பவரிடம் "அப்படியே கம்பெனி பேர்ல மெயிலும் போட்டுக் குடுத்துடுங்க" என்று சொல்லி வேலையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மெயிலில்தான் பர்ச்சேஸ் ஆர்டர் வருகிறது, இன்வாய்ஸ் போகிறது. வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களில் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. மெயிலில் பேசி முடித்த வியாபாரம் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் ஆகிவிடலாம். டிரைமெக்ஸ், வேதாந்தா நிறுவனங்களுக்கு இடையிலான பாக்சைட் வழக்கில், தனியாகக் கையெழுத்திட்ட பத்திரம் இல்லாவிட்டாலும் மெயில் பரிமாற்றத்தாலேயே ஒப்பந்தம் முடிவாகிவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எந்தச் சேவை மலிவு, எதில் இடம் அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது வேறு. நாளைக்கே இந்தச் சேவையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டுமென்றால், முகவரி மாறாமல், பழைய கடிதங்கள் தொலையாமல் போக முடியுமா? அதற்கு "முடியும்" என்று பதில் சொல்லக்கூடிய கம்பெனி எந்தச் சேவையை எடுத்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது.

இதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. மெயில் முகவரியில் நடுவிலுள்ள சுழிக் குறிக்குப் பின்னால் வரும் பெயர், அதாவது டொமைன், ஒன்று. அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கி வைக்கும் மெயில் சேவை இன்னொன்று. டொமைன் மனைப் பத்திரம் மாதிரி. மெயில் சேவை வாடகை வீடு. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் எம்எக்ஸ் ரெக்கார்ட் என்று சில வரிகள் உண்டு. அவற்றை மாற்றி எழுதினால், மறுநாளுக்குள் கடிதங்கள் புதிய இடத்துக்கு வரத் தொடங்கிவிடும்.

சிக்கல் பெரும்பாலும் பத்திரத்தில்தான். வெப்சைட் போட்டவர் தன் கணக்கிலேயே, தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்திருப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டுமென்பதில்லை, அவருக்கு அது சுலபம், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அவரோடு பணத் தகராறு வந்தாலோ, அவர் தொழிலை மூடிவிட்டாலோ, கம்பெனியின் பெயர் அவரோடு போய்விடும். ஆகவே இன்றே பாருங்கள்: டொமைன் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) இருக்கிறது, அந்தக் கணக்கில் உங்களால் நுழைய முடிகிறதா, உரிமையாளர் இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ரிஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனின் மெயில் முகவரியைக் கொடுத்து வைத்திருந்தால், டொமைன் நின்றுபோகும் நாளில் பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் உங்களுக்கு வராது. அங்கே வேறொரு முகவரி இருக்க வேண்டும்.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களில், உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிகள் உங்களுக்கு உரிமை தருகின்றன. வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறத் தேவையான ரகசியக் குறியீட்டை, நீங்கள் கேட்டு ஐந்து நாளுக்குள் இப்போதைய ரிஜிஸ்ட்ரார் தர வேண்டும். டொமைன் பதிவின் கெடு முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். மறுத்தால் ஐகானிடமே புகார் செய்யலாம். டாட் இன் பெயர்களுக்குப் பொறுப்பு, மத்திய அரசு சார்ந்த நிக்ஸி அமைப்பு. உங்கள் பெயரை வேறொருவர் பதிந்துகொண்டால் அதற்கென்று தனி நடுவர் முறை அங்கே இருக்கிறது. ஆனால் இந்த உரிமைகள் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நீதிமன்றக் கதவும் திறந்துதான் இருக்கிறது. அதைத் திறந்த வழக்கு சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே நடந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே 'சிஃபி' என்ற பெயரில் டொமைன்கள் வைத்திருந்தது. ஏறக்குறைய அதே ஒலியில் இன்னொரு நிறுவனம் 2001-இல் டொமைன் பதிந்தது. பெங்களூரு சிட்டி சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையைக் கொண்டுவந்தது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்பு அதுதான். வெற்றிதான், ஆனால் வருடங்கள் பிடித்தன. பத்துப் பேர் கம்பெனிக்கு அந்த வருடங்கள் இருக்காது.

பெயர் பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனியின் உதாரணமே உண்டு. 2018 செப்டம்பர் 24 அன்று, சென்னையிலிருந்து உலகுக்குப் போன ஸோஹோவின் முக்கிய டொமைனை அதன் அமெரிக்க ரிஜிஸ்ட்ராரான டியர்ராநெட் முடக்கியது. ஸோஹோ மெயிலைச் சிலர் மோசடிக் கடிதங்களுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற புகார்தான் காரணம். உலகெங்கும் அதன் பயனர்கள் மணிக்கணக்கில் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. ஸோஹோவின் சர்வர்கள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை, பெயர் மட்டும்தான் போனது. பிறகு அந்த நிறுவனம் டொமைனை கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றிக்கொண்டது.

அடுத்து வாடகை வீடு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நடத்திய எக்ஸ்சேஞ்ச் மெயில் சேவை ரான்சம்வேர் தாக்குதலில் விழுந்தது. ஏறத்தாழ 30,000 வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் சிறு, நடுத்தரக் கம்பெனிகள். அந்தச் சேவையை ராக்ஸ்பேஸ் மறுபடி எழுப்பவே இல்லை, எல்லோரையும் மைக்ரோசாஃப்ட் 365-க்குப் போகச் சொன்னது. புதுக் கடிதங்கள் விரைவில் வரத் தொடங்கின. பழைய கடிதங்களுக்குத்தான் காத்திருப்பு.

2025 ஜூலையில் நடந்தது இன்னும் நெருக்கமானது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியின் மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அதில் பங்கு இருப்பதே காரணம். சில நாட்களில் அந்தக் கம்பெனியின் அவுட்லுக்கையும் டீம்ஸையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பணம் கட்டியிருந்தும் தங்கள் சொந்தத் தகவலையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. நடுவில் வேலை ஓட ரீடிஃபின் மெயிலுக்கு மாறியது. ஜூலை 30 அன்று மைக்ரோசாஃப்ட் சேவையைத் திருப்பித் தந்தது. தொம்மலூர்க் கம்பெனிக்கு ஐரோப்பியத் தடை வராது. ஆனால் கார்டு காலாவதியாகி மாதப் பணம் நின்றுபோவது, ஊழியர் ஒருவரின் கணக்கு திருடப்பட்டு ஸ்பாம் பறந்து கணக்கே முடக்கப்படுவது, இலவசத் திட்டம் திடீரென்று முடிவது எல்லாம் நடக்கக்கூடியவை. கூகுள் தன் இலவச வணிகத் திட்டத்தில் 2012 டிசம்பரிலேயே புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியது; பழையவர்களையும் 2022-இல் கட்டணத்துக்கு மாறச் சொன்னது. இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, மெயில்களின் நகல் ஒன்று அந்தச் சேவைக்கு வெளியே இருப்பது. வேறு மெயில் செயலியில் கடிதங்களை இறக்க உதவும் ஐமேப் வழியாகவோ ஏற்றுமதி வசதியாலோ மொத்த மெயிலையும் எடுக்க முடிகிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சில இலவசத் திட்டங்களில் ஐமேப் கிடையாது, பிரவுசரில் மட்டுமே பார்க்கலாம். சோதனைக் காலத்திலேயே ஒரு கணக்கை முழுதாக இறக்கிப் பார்ப்பது நல்லது.

வெப்ஹோஸ்டிங்கோடு சேர்த்து இலவசமாக வரும் மெயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே சர்வரில் முகம் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து இருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால் சர்வர் முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறி, உங்கள் கொட்டேஷனும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் விழும். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ போன்ற தனி மெயில் சேவைகளில் இந்த ஆபத்து குறைவு.

எதை எடுத்தாலும் மூன்று அமைப்புகளைச் செய்து தரச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு கடிதத்திலும் மறைவான கையொப்பம் வைப்பது டிகேஐஎம். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், எல்லா அனுப்புநரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கின்றன; மொத்தமாக அனுப்புவோரிடம் (கூகுளின் கணக்கில் நாளுக்கு சுமார் 5,000 அல்லது அதற்கு மேல்) மூன்றையும் கேட்கின்றன. கூடவே எல்லா ஊழியருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். விலகிப் போகிறவரின் கணக்கை அன்றே பூட்டும் அதிகாரமும் கம்பெனி கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு மோசடி தப்பி வரும். 2015-இல் ஓஎன்ஜிசிக்கு சவூதி அராம்கோ தர வேண்டிய சுமார் 197 கோடி ரூபாய் வேறொருவர் கணக்குக்குப் போனது. மோசடிக்காரர்கள் ஓஎன்ஜிசியின் மெயில் முகவரியில் இரண்டு எழுத்துகளை மட்டும் இடம் மாற்றிய போலி முகவரியிலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். டிமார்க் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது வேறு டொமைன். வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. வாங்குபவர்களிடமும் இதை இன்வாய்ஸிலேயே எழுதிச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930-க்குப் போன் செய்வது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்கு முன் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதால், நிமிடங்கள் முக்கியம். இது எங்கள் காவல் நிலைய எல்லைக்குள் வராது என்று யாராவது சொன்னால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைக் காட்டுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும். வந்த போலி மெயிலை அழிக்காதீர்கள், ஃபார்வர்டு செய்தும் அனுப்பாதீர்கள். முழுத் தலைப்பு விவரங்களோடு அதன் மூலக் கோப்பை எடுத்து வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு கூடிய சான்றிதழ் கேட்கிறது. பிரின்ட் எடுத்த தாள் மட்டும் போதாது.

கம்பெனிக்கும் கடமை உண்டு. சர்வரோ மெயிலோ ஊடுருவப்பட்டால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-இன் உத்தரவு. சிறு கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் மெயில் திட்டத்தில் உள்நுழைவுப் பதிவுகள் எத்தனை நாள் நிற்கின்றன என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர், ஊழியர் விவரங்களுக்கு 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சேவை தந்தவர் மீதே புகார் என்றால், நுகர்வோர் நீதிமன்றம் எளிதில் கிடைக்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவையை விலக்குகிறது. சுயதொழிலில் பிழைக்கத் தானே பயன்படுத்துகிறவருக்கு மட்டும் விதிவிலக்கு. தனியாக உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவர் கேட்கலாம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி கேட்பது கடினம். ஆகவே ஒப்பந்தத்தின் வரிகள்தான் கை கொடுக்கும். 99.9 சதவீதம் இயங்கும் என்ற வாக்குறுதி, மாதத்துக்கு 43 நிமிடம் வரை நின்றாலும் குறையில்லை என்று பொருள். அதற்கு மேல் நின்றால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த கட்டணத்தில் கழிவு, அதுவும் கெடுவுக்குள் கேட்டால்தான். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று எழுதியிருக்கிறது, கணக்கை மூடினால் எத்தனை நாள் கழித்து மெயில்களை அழிப்பார்கள், ஆள் பேசும் உதவி உண்டா என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

அனுமதியில்லாமல் யாராவது உங்கள் மெயிலுக்குள் நுழைந்தாலோ, பழைய ஊழியர் தகவலை எடுத்துக்கொண்டு போனாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு இழப்பீடு கேட்க வழி தருகிறது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் அதே சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பளிக்கும் அதிகாரி. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலரே வழக்கமாக அந்தப் பொறுப்பில் இருப்பார். தொம்மலூர்க் கம்பெனிக்கு அந்த மனு போக வேண்டிய இடம் பெங்களூருவிலேயே இருக்கிறது.