தெளிந்த நீரிலும் கழிவுண்டு

சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களின் தொழிலாகச் செழித்த வண்ணமீன் வளர்ப்பு, இன்று சிற்றூர்களின் வரவேற்பறைகளையும் அழகுபடுத்துகிறது. கண்ணாடித் தொட்டியில் பசுஞ்செடிகளுக்கிடையே மீன்கள் நீந்துவது இனிய காட்சியே. ஆயினும், பஜ்ருத் தொழுகைக்கு எழும் வேளையில் அம்மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து திணறுவதைக் காணும் வீடுகளும் உண்டு. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். பின் குறை எங்கே?

குறை நீரில் கரைந்திருக்கிறது. மீன்கள் உண்ணாது விட்ட தீனியும், அவற்றின் கழிவும், அழுகும் இலைகளும் சிறுகச் சிறுகக் கரைந்து கரிமப் பொருள்களாகின்றன. இவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் செலவாகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை வெளியிடாது, உட்கொள்ளவே செய்கின்றன. ஆகவேதான் விடியலுக்கு முன் பற்றாக்குறை மிகுகிறது.

வாடிப்பட்டி போன்ற மதுரைச் சமவெளி ஊர்களில் இருவகையில் கூடுதல் கவனம் தேவை. ஒன்று, வெப்பம். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே. மற்றொன்று, ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரத்தில் வெண்படிவு விடும் கடினநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவில் கொடிய நச்சு வடிவிலிருப்பது, 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு, பி.எச். 8 ஆயின் ஐந்து பங்கினும் அதிகம்.

பேரணையில் பிரியும் பெரியாற்றுக் கால்வாயில் நீர் ஓடும்போது, அது கழிவையும் உடன் கொண்டு செல்கிறது. தொட்டி நீருக்கு அவ்வசதி இல்லை. வற்றிய அளவுக்கு நீர் ஊற்றுவதும் போதாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பும் கழிவும் தங்கிவிடும்.

எனவே வாரந்தோறும் கால் பங்கு நீரை அகற்றிப் புதுநீர் நிரப்புங்கள். குளோரின் கலந்த குழாய்நீராயின், குளோரின் நீக்கும் மருந்திட்ட பின்னரே ஊற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சை, அகற்றிய தொட்டி நீரிலேயே அலசுங்கள். குளோரின் நீரில் அலசினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும். அழுகிய இலைகளை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். இரவில் காற்றுக்குழாய் இயங்கட்டும்.

யாவற்றினும் முதன்மையானது தீனியின் அளவு. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போதும். பிள்ளைகள் அன்பு மிகுதியால் அள்ளியிடும் ஒவ்வொரு பிடியும், அம்மீன்கள் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனைக் குறைக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.