ஆடு மேய்ந்த முற்றத்தில் மலர்ந்த இலக்கியம்

கதை எழுத வேண்டும், கவிதை புனைய வேண்டும் என்னும் ஆவல் நம் இல்லங்களில் பலருக்கும் உண்டு. சிறப்பாக நம் சகோதரிகளுக்கு உண்டு. ஆயினும் எழுதுகோலைக் கையில் எடுத்த மாத்திரத்தில் ஓர் ஐயம் எழுந்து தடுத்து விடுகின்றது. "நான் என்ன, ஊர் உலகம் கண்டவளா? அடுப்படியையும் கொல்லைப்புறத்தையும் தவிர எனக்கு என்ன தெரியும்? இவற்றில் எழுதுவதற்கு என்ன இருக்கின்றது?" என்பதே அந்த ஐயம்.

இந்த வினாவிற்கு ஊர் உலகமெல்லாம் சுற்றித் திரிந்த ஒருவரின் வாழ்விலேயே விடை இருக்கின்றது என்றால் வியப்பாக இல்லையா? அவர்தாம் மலையாள இலக்கியத்தின் பேராளுமையாகிய வைக்கம் முஹம்மது பஷீர்.

1908ஆம் ஆண்டு வைக்கத்தை அடுத்த தலையோலப்பரம்பில் பிறந்த பஷீர், 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்ளக் கோழிக்கோடு சென்று சிறை புகுந்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் நாடோடியாக அலைந்தார். சூஃபிகளோடும் துறவிகளோடும் தங்கினார். கப்பலேறிக் கடல் கடந்தார். அவர் செய்யாத வேலை இல்லை எனலாம். இத்தகையவருக்குக் கதைப் பஞ்சம் ஏது? ஆயினும் வாசகர் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற அவருடைய நூல்களுள் ஒன்றிற்குக் களமாக அமைந்தது அயல்நாடுமன்று, பெருநகரமுமன்று. தம் பிறந்த வீட்டு முற்றமேயாகும்.

ஓர் ஆட்டின் கதை

'பாத்தும்மாவின் ஆடு' என்னும் அந்நூலை 1954இல் அவர் எழுதினார். அப்பொழுது அவர் மனநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்று வந்த காலம். எதையும் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதும் இயல்பினரான அவர், 1959இல் இந்நூல் வெளிவந்தபோது இதனைத் திருத்தாமல் அவ்வாறே தந்திருப்பதாக முன்னுரையில் குறிப்பிட்டார். நோயுற்ற மனம் பற்றிக்கொள்ளத் தேடிய கொம்பு, தன் வீட்டாரின் அன்றாட வாழ்வாக இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நூலில் என்ன நிகழ்கின்றது? ஓய்வை நாடி வீடு திரும்புகின்றார் எழுத்தாளர். அங்கே உம்மா, தம்பிமார், தங்கைமார், நாத்திமார், குழந்தைகள், கோழிகள், பூனைகள் என ஒரே ஆரவாரம். இவற்றிற்கு நடுவே தங்கை பாத்தும்மாவின் ஆடு உரிமையோடு நடமாடுகின்றது. அது பலாவிலையைத் தின்கின்றது. கஞ்சித் தண்ணீரைக் குடிக்கின்றது. அத்தோடு நில்லாமல் எழுத்தாளரின் புத்தகங்களையும் மென்று விழுங்கி, அவருடைய கம்பளியின் மீதும் வாய் வைக்கின்றது! படிப்பவர் சிரிப்பை அடக்க இயலாது.

அந்தச் சிரிப்பின் அடியில் வறுமையும் இருக்கின்றது. ஆடு குட்டி ஈன்றால் பாலை விற்றுத் தன் குடிலைச் செப்பனிடலாம் எனக் கனவு காண்கின்றாள் பாத்தும்மா. ஆனால் பாலோ சகோதரர்களின் தேநீருக்கும் கடனுக்குமாகப் போய்விடுகின்றது. போதாக்குறைக்கு வீட்டுப் பெண்களே அவளறியாமல் கறந்தும் விடுகின்றனர். பஷீர் இதை மறைக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. 'பெண்களின் புத்தி' என்று இந்நூலுக்கு மற்றொரு பெயரும் சூட்டினார். இல்லாமைக்கு நடுவில் இல்லத்தை நடத்திச் செல்லும் பெண்களின் சாதுரியத்தை இதைவிட அன்போடு யார் பாராட்ட முடியும்?

மண்ணின் உரிமையாளர்கள்

பிற்காலத்தில் பஷீர் கோழிக்கோட்டிற்கு அருகிலுள்ள பேப்பூரில் குடியேறினார். வீட்டுத் தோட்டத்து மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலியைப் போட்டு, கிராமஃபோன் இசையில் மூழ்கி அவர் அமர்ந்திருக்கும் காட்சி கேரளத்தார் மனத்தில் நிலைத்துவிட்ட ஒன்று. அந்தத் தோட்டத்து நிழலிலிருந்து கிடைத்ததே 1977இல் வெளிவந்த 'பூமியின் வாரிசுகள்' என்னும் கதை.

தென்னந்தோப்பு ஒன்றை விலைக்கு வாங்கி வேலியிட்ட ஒருவர், அது தமக்கே உரியது என்று எண்ணுகின்றார். ஆனால் பறவைகளும் பாம்புகளும் அணில்களும் அவரிடம் பத்திரம் கேட்டு வரவில்லை. வௌவால்கள் இளநீரைப் பருகுகின்றன. அவற்றைக் கொல்ல வேண்டும் என்கின்றார் இல்லத்தரசி. இறைவன் படைத்த உயிர்கள் அனைத்திற்கும் இம்மண்ணில் பங்குண்டு என்கின்றார் கணவர். தேங்காயைப் பறிகொடுக்கும் குடும்பத்தின் கவலையும் நியாயமே. வௌவாலின் பசியும் நியாயமே. இந்த இரு நியாயங்களுக்கும் இடையில்தான் கதை பிறந்தது.

பார்வையே முதல்

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? காட்சிகளுக்குப் பஞ்சமில்லை, கண்டு நிற்கும் பொறுமைக்கே பஞ்சம். மழைக்கு முன் முட்டைகளைச் சுமந்து வரிசையாகச் செல்லும் எறும்புகள், கொடிக்கயிற்றின் நுனியில் கூடு கட்டும் தேன்சிட்டு, மீன் கழுவும் இடத்தில் காகத்தோடு போட்டியிடும் பூனை, வேலிக்கு அப்பாலிருந்து கறிவேப்பிலை கேட்கும் அண்டை வீட்டு மூதாட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு கதையின் வித்து உண்டு. கொல்லையே இல்லாத அடுக்குமாடி வீட்டில் வாழ்வோருக்கும் சாளரமும் மொட்டைமாடியும் உண்டே!

நாளும் பத்து நிமிடம் போதும். கண்டதைக் கண்டவாறு, நம் வீட்டில் பேசும் சொற்களிலேயே குறித்து வையுங்கள். பஷீரும் ஏட்டு மலையாளத்தை நாடாது, வீட்டார் பேசிய மொழியையே இலக்கியத்தில் ஏற்றினார். இன்னொரு செய்தியும் அறிக. அவருடைய துணைவியார் ஃபாபி பஷீரும் தம் இல்லற நினைவுகளைச் சொல்லி, 'பஷீரின்டெ எடியே' என்னும் நூலாகத் தந்தார். எழுத்தாளரின் முற்றத்தில் மனைவிக்கும் சொல்வதற்குச் செய்தி இருந்தது!

பஷீரின் பல நூல்களைக் குளச்சல் மு. யூசுப் தமிழில் ஆக்கித் தந்துள்ளார். வாங்கிப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். பின்னர்க் கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். உங்கள் கதை அங்கே மேய்ந்துகொண்டிருக்கக் கூடும்.